முதலெழுத்தால் பாட்டறிதல்

தமிழில் நூலுக்குப் பெயர் உண்டு. தனிப்பாட்டுக்குத் தலைப்பிடும் வழக்கமோ பெரும்பாலும் இல்லை. பாட்டின் முதற்சீர்கள் எவையோ அவையே அதன் பெயராக நிற்கின்றன. கீர்த்தனையாயினும் திரைப்பாடலாயினும் நிலைமை இதுவே. ஆங்கிலப் பாடலுக்குத் தலைப்பு ஒன்றாகவும் தொடக்கம் வேறொன்றாகவும் இருத்தல் கூடும். நம் பாடலில் இரண்டும் ஒன்றே. ஆகவே ஒரு பாட்டைத் தேடிச் செல்வோனுக்கு அதன் முதலெழுத்தே வாயில் ஆகின்றது. அவ்வாயில் வழியே எவை உள்ளே வருகின்றன, எவை வெளியே நின்றுவிடுகின்றன என்பதை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

இவ்வெண்ணம் நூலகத்தில் தோன்றியதன்று. ஏற்காட்டுப் பேருந்தில் தோன்றியது. நம் துறை மாணவர்களுடன் சேலத்திலிருந்து சேர்வராயன் மலைமீது ஏறிக்கொண்டிருந்தோம். அம்மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொன்றிற்கும் எண்ணிட்ட பலகை உண்டு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்திலுள்ள ஊரை அடைவதற்குள் வளைவுக்கு ஓரெழுத்து என வகுத்துக்கொண்டு மாணவர் இரண்டு அணியாகப் பாடத் தொடங்கினர். அடுத்த வளைவு வரும்வரை குறித்த எழுத்தில் தொடங்கும் திரைப்பாடல்களையே மாறி மாறிப் பாடவேண்டும். பல்லவி முழுமையும் பாடினாலன்றிக் கணக்கில் சேராது என்பது விதி.

ககரத்தில் பாட்டு தீரவே இல்லை. கண் என்னும் ஒரு சொல்லைக் கொண்டே ஓரணி நெடுநேரம் தாக்குப் பிடித்தது. நகரமும் மகரமும் எகரமும் அவ்வாறே வளம் மிக்கனவாய் இருந்தன. ஞகரம் வந்தபோது ஞாயிறு, ஞானம் என்னும் இரண்டு சொற்களைப் பற்றிக்கொண்டு இரண்டு அணியினரும் தடுமாறினர். ஔகாரத்தில் பேருந்து முழுவதும் அமைதி. வளைவில் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்ததும்கூட அவர்களுக்கு உதவவில்லை.

இவ்வளமும் வறுமையும் தற்செயலாக நேர்ந்தவை அல்ல. தமிழ் எழுத்துக்கள் 247 எனினும் அவை எல்லாம் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. தொல்காப்பியர் மொழி முதலாகும் எழுத்துக்களைக் குற்றியலுகரம் உட்பட 94 எனக் கொண்டார். நன்னூலார் காலத்தில் அது 103 ஆயிற்று. உயிர் பன்னிரண்டும் முதலில் வரும். க, ச, த, ந, ப, ம என்னும் ஆறும் பன்னிரண்டு உயிரோடும் கூடி முதலாகும். வகரம் எட்டு உயிரோடும், யகரம் ஆறோடும், ஞகரம் நான்கோடும், ஙகரம் ஒன்றோடும் மட்டுமே வரும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் முதலில் வாரா. இலக்கண வகுப்பில் மாணவர்க்கு உறக்கம் வரவழைக்கும் இந்நூற்பாக்களை ஏழாவது வளைவில் அவர்களே வினவித் தெரிந்துகொண்டனர் என்பதை மகிழ்ச்சியுடன் இங்குக் குறிப்பிடுகின்றோம்.

ஆனால் திரைப்பாடல் நன்னூலாருக்குக் கட்டுப்பட்டதன்று. ராசா, ராத்திரி, ரோசா, லாலி எனத் தொடங்கும் பாடல்கள் எத்தனையோ உள்ளன. அவற்றை ரகர, லகரத்தில் வைப்பதா? இலக்கண முறைப்படி முன்னே இகரமோ உகரமோ சேர்த்து உயிர் வரிசையில் வைப்பதா? ஓரணி நன்னூலைக் காட்டி மறுத்தது; மற்றோரணி வானொலியில் கேட்டவாறே பாடினோம் என்றது. நாம் இரண்டாம் அணியின் பக்கமே தீர்ப்பளித்தோம். தேடுவோன் காதில் கேட்ட ஒலியைக் கொண்டே தேடுவான்; அவன் வரும் வழியில்தான் வாயில் இருத்தல் வேண்டும்.

இதனினும் கடினமான சிக்கல் தொகையறாவால் எழுந்தது. பல்லவிக்கு முன் தாளமின்றி இசைக்கும் அவ்வடிகளை எழுதிய கவிஞர்க்கு அதுவே பாட்டின் தொடக்கம். மக்கள் நினைவிலோ பல்லவியே பாட்டு. இசைத்தட்டின் நடுவே ஒட்டிய வட்டக் காகிதத்திலும் பெரும்பாலும் பல்லவியின் முதற்சொற்களே அச்சிடப்பெற்றன. இனி, வெறும் ‘ஆ’ என்னும் ஆலாபனையோடு தொடங்கும் பாடல்களை எல்லாம் ஆகாரத்தில் அடைத்தால் அவ்வறை நிரம்பி வழியும், பாட்டும் அகப்படாது. ஆதலின் பல்லவியின் முதலெழுத்தைத் தலைமையாகக் கொண்டு, தொகையறாவின் முதலெழுத்தை மறுகுறிப்பாக வேறோர் அட்டையில் தருவதே தக்கது என்பது நம் கருத்து.

பேருந்தில் நிகழ்ந்த இவ்விளையாட்டிற்கு நம் நாட்டவர் அனைவரும் இலங்கை வானொலிக்குக் கடமைப்பட்டவர்கள். அறிவிப்பாளர் பி. எச். அப்துல் ஹமீத் அவர்கள் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சி கடல் கடந்து தமிழகத்து வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஒலித்தது. பின்னர்த் தொலைக்காட்சிக்கும் வந்தது. தூய தமிழ் ஒலிப்புடன் அவர் ஓரெழுத்தைக் கொடுப்பார். போட்டியாளர் அவ்வெழுத்தில் தொடங்கும் பாடலைப் பிழையின்றிப் பாடவேண்டும். குறில் கேட்டால் நெடில் செல்லாது. லகர ளகர வேறுபாட்டை இலக்கண ஆசிரியர்களைக் காட்டிலும் பலருக்குக் கற்பித்தவர் அவர் என்று கூறினும் மிகையாகாது. இத்தகைய ஆட்டத்தின் வேர் அந்தாதியில் உள்ளது. ஒரு செய்யுளின் ஈறு அடுத்த செய்யுளின் முதலாக வருவது நம் சிற்றிலக்கியக் கலை. வட இந்தியாவில் அந்தாட்சரி என வழங்குவதும் இந்நெறியினதே.

பழந்தமிழ்ப் புலமையிலும் முதற்குறிப்பே வழிகாட்டியாய் நின்றது. உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டுங்கால் முழுப் பாடலையும் எழுதாது, முதற்சீர்களை மட்டும் எழுதி ‘என்னும் பாட்டு’ என்று விடுத்துச் செல்வது உண்டு. அக்காலத்தவர்க்கு அது போதும்; மீதி நெஞ்சில் இருந்தது. நெஞ்சிலிருந்து மறைந்தபின் ஏட்டுச்சுவடிகளில் அதைத் தேட நேர்ந்தது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் நூலின் இறுதியில் செய்யுள் முதற்குறிப்பு அகராதியைச் சேர்த்தனர். இன்று நாம் ஒரு நொடியில் புரட்டிக் காணும் அப்பக்கங்களின் பின்னே எத்தனை இரவுகள் கழிந்திருக்கும்!

ஆயினும் முதலெழுத்து வரிசை தமிழில் தொன்றுதொட்டு வந்த ஒரே முறையன்று. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி சொற்களை எதுகை முறையில், அதாவது இரண்டாம் எழுத்தைக் கொண்டு அடுக்கியது. செய்யுளை ஓதி மனத்தில் இருத்துவோனுக்கு அடிதோறும் ஒத்து ஒலிக்கும் இரண்டாம் எழுத்தே கைப்பிடி. சிதம்பர இரேவண சித்தர் 1594இல் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்து வரிசையில் வைத்தது. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல் அம்முறையை மேலும் செப்பம் செய்தது. ஓதும் காதுக்கு இரண்டாம் எழுத்து, தேடும் கண்ணுக்கு முதலெழுத்து என இவ்வேறுபாட்டைப் புரிந்துகொள்ளலாம்.

அரபு மரபை நோக்கினால் மற்றொரு நெறி புலனாகும். அரபு, பாரசீகக் கவிஞர்களின் திவான்கள் பெரும்பாலும் பாடலின் ஈற்று இயைபெழுத்தின் வரிசையில் அமைக்கப்பெற்றவை. அங்கே பாட்டின் முகவரி அதன் கடைசியில் உள்ளது. இரண்டையும் இணைத்த அருமையான நூல் ஒன்று நம் கடற்கரை ஊர்களில் இன்றும் ஓதப்பெறுகின்றது. பக்தாதைச் சேர்ந்த கவிஞர் ஒருவர் 13ஆம் நூற்றாண்டில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது பாடிய வித்ரிய்யா என்பதே அது. அரபு எழுத்து ஒவ்வொன்றிற்கும் 21 கண்ணிகள். ஒவ்வொரு கண்ணியும் அவ்வெழுத்தில் தொடங்கி அவ்வெழுத்திலேயே முடியும். லாம் அலிபையும் ஓரெழுத்தாகக் கொண்டு மொத்தம் 29 பகுதிகள். அதற்குத் தமிழகத்து மாமேதை சதக்கத்துல்லா அப்பா (1632–1703) அவர்கள் தக்மீஸ் இயற்றினார்கள். அதாவது ஈரடிக்கு மூன்றடி சேர்த்து ஐந்தாக விரித்தார்கள். எழுத்துக் கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டு, அதன்மேலும் கட்டுப்பாட்டை விதித்துக்கொண்டு பாடிய புலமை அது. தமிழிலும் வருக்க மாலை, வருக்கக் கோவை என எழுத்து வரிசையில் செய்யுள் அமையும் சிற்றிலக்கிய வகைகள் உண்டு. ஒப்பாய்வு செய்ய விரும்பும் ஆய்வு மாணவர்க்கு இஃது ஒரு தலைப்பாகும்.

மீண்டும் மலையடிவாரத்திற்கு வருவோம். சேலம் நகரிலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் ஒரு நுழைவாயில் வளைவு நிற்கின்றது. மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் எஞ்சிய அடையாளம் அதுவே. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய அந்நிறுவனம் தமிழிலும் பிற மொழிகளிலும் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் நாற்பது திருடர்களும்’ (1956) ஆகியவை அதன் படைப்புக்கள். படப்பிடிப்பு நிலையம் இன்று இல்லை. அங்கே பிறந்த பாடல்கள் மட்டும் பேருந்துகளில் மலையேறிக்கொண்டிருக்கின்றன.

வகர ஆகாரம் வந்த வளைவில் மாணவர் பாடியது அந்நிறுவனத்தின் ‘மந்திரி குமாரி’ (1950) படத்துப் பாடலையே. கணவன் மனைவியை மலையுச்சிக்கு அழைத்துச் செல்லும் காட்சியில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. இன்னிசை ஜி. ராமநாதன், உரையாடல் மு. கருணாநிதி, கதையின் வேர் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசியில் உள்ளது. ‘வா’ என்று சொன்ன அளவிலேயே எல்லோர்க்கும் பாட்டு நினைவுக்கு வந்துவிட்டது. பாடியவர் பெயரைச் சிலர் சொன்னார்கள். எழுதியவர் யார் என்று வினவினோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இங்கேதான் முதலெழுத்து முறையின் குறை புலப்படுகின்றது. அது பாட்டைக் காட்டும். பாட்டு பாடகரின் குரலை நினைவூட்டும். குரல் நடிகரின் முகத்தைக் கொண்டுவரும். எழுதியவர் இவ்வரிசையில் எங்கும் வருவதில்லை. ‘மந்திரி குமாரி’யின் பாடலாசிரியர் அ. மருதகாசியும் கவி கா. மு. ஷெரீபும் ஆவர். ஒரே நிறுவனத்தில் இணைந்து பணியாற்றிய இவ்விருவருள் எந்தப் பாட்டு எவருடையது என்பதில் இன்று பட்டியலுக்குப் பட்டியல் முரண்பாடு காணப்படுகின்றது. திரையில் இரு பெயரும் ஒருங்கே வந்தன. பாட்டுக்கு நேரே பெயர் எழுதாவிடில் இக்குழப்பம் நேர்வது இயல்பே.

கா. மு. ஷெரீப் (1914–1994) அவர்கள் ம. பொ. சி.யின் தமிழரசுக் கழகத்தில் தொண்டாற்றியவர், ‘தமிழ் முழக்கம்’ என்னும் இதழை நடத்தியவர், சீறாப்புராணத்தில் தோய்ந்தவர். ஏற்காட்டின் முதலெழுத்தாகிய ஏகாரத்தை எடுத்துக்கொள்வோம். ஏரிக்கரையில் நடந்து செல்லும் பெண்ணை விளித்து, ‘முதலாளி’ (1957) படத்தில் டி. எம். சௌந்தரராஜன் பாடிய பாடலை அறியாதார் யார்? ஏற்காட்டு ஏரியின் கரையில் நடந்தபோது மாணவர் தாமாகவே பாடியதும் அதுவே. அது ஷெரீபின் பாடல். அகரத்தில் வாருங்கள்: ‘அன்னையின் ஆணை’ (1958) படத்தில் தாயைத் தெய்வத்தோடு ஒப்பிடும் பாடலும் அவருடையதே. உலகம் வாழ்ந்தாலும் இகழும், தாழ்ந்தாலும் இகழும் என்னும் கருத்தில் ‘நான் பெற்ற செல்வம்’ (1956) படத்தில் வகர ஆகாரத்தில் தொடங்குவதும் அவருடையதே. தாய்மார் இரங்கும்போதும் பெரியோர் அறிவுரை கூறும்போதும் பழமொழிபோல் எடுத்தாளும் அடிகள் இவை. ஒரு கவிஞனின் அடி பழமொழியாவது பெரும்பேறுதான். ஆனால் பழமொழிக்கு ஆசிரியர் இல்லை என்பதையும் நினைத்தல் வேண்டும்.

நாகூர் இ. எம். ஹனீபா (1925–2015) அவர்கள் பாடியவற்றுள் இகரத்தில் தொடங்கும் இறைஞ்சுதற் பாடலைச் சமய வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் அறிவர். அதை எழுதிய கை எவருடையது என்று நம் கல்லூரி வாயிலில் நின்று பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள்.

மலைமேல் மற்றொரு பாடம் காத்திருந்தது. சேர்வராயன் மலையின் பழங்குடியினர் மலையாளிகள் எனப்பெறுவர். மலையை ஆள்வோர் என்னும் பொருளில் வந்த பெயர் அது. கேரள நாட்டாரைக் குறிப்பதன்று. அவர்கள் பேசுவது தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று உடன்பிறந்தாருள் மூத்தவர் இம்மலையிலும், மற்ற இருவர் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் குடியேறினர் என்பது அவர்தம் செவிவழி வரலாறு. மலையுச்சியில் உள்ள சேர்வராயன் கோயிலில் மே மாதத்தில் திருவிழா நடைபெறும்.

அவர்களுடைய சிற்றூர் ஒன்றில் முதிய அம்மையார் ஒருவர் கும்மிப் பாட்டொன்றைப் பாடக் கேட்டோம். மாணவி ஒருத்தி எழுதிக்கொண்டாள். எந்த எழுத்தில் சேர்ப்பது? முதலில் வந்தது தன்னானே என்னும் ஓசைக்குறிப்பு. அதைக் கொண்டு வகுத்தால் கும்மிகள் யாவும் தகரத்தில் குவியும். ஆராரோ எனத் தொடங்கும் தாலாட்டுக்கள் யாவும் ஆகாரத்தில் குவியும். சரி, ஓசையை விட்டு முதலடியைக் கொள்வோம் என்றால், இரண்டாம் முறை பாடியபோது வேறோரடியிலிருந்து தொடங்கினார். “பாட்டி, இதுக்கு மொதல் அடி எதுங்க?” என்று அம்மாணவி வினவினாள். “மொதல்ல யாரு கை தட்டுறாங்களோ, அவங்க எடுக்கறதுதான் மொதல் அடி, கண்ணு” என்றார் அவர்.

வாய்மொழிப் பாடலின் இயல்பை இதனினும் செறிவாக எந்த நூலிலும் நாம் கண்டதில்லை. நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தோர் தாலாட்டு, கும்மி, தொழிற்பாட்டு, ஒப்பாரி எனச் சூழல் பற்றிப் பகுத்ததன் காரணமும் இதனால் விளங்கும். எழுத்து வரிசையில் அடங்காத பாட்டு, எழுத்து வரிசையை மட்டுமே நம்பும் நூலகத்தில் இல்லாத பாட்டாகிவிடும். அப்பாட்டியின் கும்மிக்குப் பாடியவர் யார், ஊர் எது, எப்போது பாடுவது என்னும் குறிப்புக்களே முகவரி.

இக்காலத்தில் கைப்பேசியில் இரண்டெழுத்தைத் தட்டினால் பாட்டு வந்து நிற்கின்றதே, அட்டை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். கணிப்பொறியின் வரிசையும் ஆராயத்தக்கதே. ஒருங்குறி முறையில் எழுத்துக்களுக்கு அளிக்கப்பெற்ற எண்களின்படி னகரம் நகரத்தை அடுத்தும் றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. நெடுங்கணக்கிலோ அவ்விரண்டும் இறுதியில் நிற்பவை. ஆகவே எண்வரிசையை மட்டும் நம்பினால் ‘என்ன’ எனத் தொடங்கும் பாடல்கள் ‘எப்படி’ எனத் தொடங்குவனவற்றுக்கு முன்னே வந்துவிடும். தமிழ் அகராதி முறைப்படி அவை பின்னே வரவேண்டும். புள்ளியெழுத்திற்கும் இதே இடர்ப்பாடு உண்டு: சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் ‘பக்கம்’ முன்னும் ‘பகல்’ பின்னும் வரும், எண்வரிசையில் இது தலைகீழாகும். எகரத்தில் ‘என்’ என்னும் சொல்லில் தொடங்கும் திரைப்பாடல்கள் எத்துணை மிகுதி என்பதை அறிந்தோர்க்கு இது சிறு குறையன்று. தமிழ் வரிசைக்குரிய விதிகளைக் கணிப்பொறிக்குத் தனியே கற்பித்தல் வேண்டும். கற்பித்தால் அது செவ்வனே செய்யும். ஆனால் கற்பிக்காத பாடலாசிரியர் பெயரை அது எங்கிருந்து எடுக்கும்?

ஆதலின் நம் துறையில் உயிரெழுத்துப் பாடல்களுக்கு மட்டும் முதற்கட்டமாக அட்டை எழுதத் தொடங்கியுள்ளோம். பல்லவியின் முதற்சீர்கள், தொகையறா இருப்பின் அதன் முதற்சீர்கள், படம், ஆண்டு, இசையமைப்பாளர், பாடியவர் என்னும் குறிப்புக்களுக்கு மேலே, முதல் வரியில், எழுதியவர் பெயருக்கு இடம் விட்டுள்ளோம். பெயர் உறுதிப்படாதவற்றில் அவ்விடம் வெறுமையாகவே இருக்கும், ஊகத்தால் நிரப்புவதில்லை. மலையில் எழுதிக்கொண்ட கும்மி தனி உறையில் உள்ளது.

திரையரங்குகளில் அந்நாளில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் இப்பணிக்கு மிகவும் தேவைப்படுகின்றன. சிலவற்றில் ஒவ்வொரு பாட்டின் கீழும் எழுதியவர் பெயர் அச்சிடப்பெற்றிருக்கும். தாத்தா, பாட்டியரின் பெட்டிகளில் அத்தகைய புத்தகம் இருப்பின் மாணவரும் முன்னாள் மாணவரும் துறைக்குக் கொணர்ந்து தந்துதவுமாறு கேட்டுக்கொள்கின்றோம். படியெடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம். மேலட்டை கிழிந்திருப்பினும் பாதகமில்லை. உள்ளே பெயர் இருந்தால் போதும்.